பிள்ளையை யாரை நம்பி விடுகிறோம்?

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச் சாலையில் இருக்கிறது வடகவுஞ்சி. காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு என்று தோட்டங்கள் சூழ்ந்த ஊராட்சி. ஜூன் பிறந்தால் இந்தச் சாலையோரம் பேருந்துக்குக் காத்திருக்கும் குடும்பங்களில் சிலவற்றை உடனே அடையாளம் தெரிந்துவிடும். ஒரு டிரங்குப் பெட்டி, சுருட்டிய பாய், பிளாஸ்டிக் வாளி, பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளை. விடுதிக்குப் போகும் பிள்ளை அது.

தோட்டக் கூலியாக இருக்கும் பெற்றோருக்கு வேறு வழி குறைவு. குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளி ஐந்தாம் வகுப்போடு, எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் மலையேற வேண்டும், அல்லது மலையிறங்க வேண்டும். பளியர் வீட்டுப் பிள்ளைகள் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போகிறார்கள். பறையர், அருந்ததியர், புலையர் வீட்டுப் பிள்ளைகள் ஆதிதிராவிடர் நல விடுதிக்குப் போகிறார்கள். அரசு அந்த விடுதிகளுக்கு 2025 ஜூலையில் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றியிருக்கிறது. இன்னும் சிலர் தனியார் இல்லங்களுக்கும் தொண்டு நிறுவன விடுதிகளுக்கும் அனுப்பப்படுகிறார்கள்.

சேர்க்கும்போது விடுதிக்காரர்கள் நம்மிடம் எத்தனை சான்று கேட்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் அட்டை, மாற்றுச் சான்றிதழ், பெற்றோர் புகைப்படம், கையெழுத்து அல்லது கைநாட்டு. பிள்ளை யார், பிள்ளையின் அப்பா யார், அம்மா யார் என்று எல்லாவற்றையும் சரிபார்த்துத்தான் உள்ளே எடுக்கிறார்கள்.

நாம் திருப்பி ஒரு சான்றாவது கேட்டிருக்கிறோமா? என் மகள் தூங்கும் அறையின் சாவியை வைத்திருப்பவர் யார்? இரவுக் காவலுக்கு வருபவர் இதற்கு முன் எங்கே வேலை பார்த்தார்? ஏன் அங்கிருந்து வந்தார்? சனிக்கிழமை யோகா சொல்லித்தர வருபவரை யார் அனுப்பினார்கள்? இதைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012இல் வந்தது. அதன் கீழ் வகுக்கப்பட்ட புதிய விதிகள் 2020 மார்ச் 9 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றில் மூன்றாவது விதியின் நான்காவது உட்பிரிவை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

குழந்தைகளைத் தங்கவைக்கும் நிறுவனமோ, குழந்தைகளோடு தொடர்ந்து தொடர்பில் இருக்கும் நிறுவனமோ எதுவானாலும், அங்கே குழந்தைகளோடு தொடர்பில் வரும் ஒவ்வோர் ஊழியரையும் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும், அவருடைய பின்புலத்தை விசாரிக்க வேண்டும் என்கிறது அந்த விதி. பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டுப் பயிற்சி நிலையம் எல்லாம் இதில் அடங்கும். ஆசிரியர், ஆசிரியரல்லாதவர், நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் என்ற வேறுபாடு கிடையாது. வேலைக்குச் சேர்க்கும்போது ஒருமுறை பார்த்தால் போதும் என்றும் விதி சொல்லவில்லை. குறிப்பிட்ட கால இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்கிறது. குழந்தைகள் பாதுகாப்பு குறித்து ஊழியர்களுக்குப் பயிற்சி தருவதும் அந்த நிறுவனத்தின் கடமை.

இதற்கு வழியும் இருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சேவையில் வேலைக்கு வருபவர், வாடகைக்கு வருபவர், வீட்டு வேலைக்கு வருபவர் ஆகியோரைச் சரிபார்க்கக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். தனிநபரும் விண்ணப்பிக்கலாம், நிறுவனமும் விண்ணப்பிக்கலாம்.

ஆக, சட்டம் இருக்கிறது, வழியும் இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

ஒரு தொலைபேசி அழைப்பு போதும்

2024 ஆகஸ்ட் மாதம் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் ஒரு முகாம் நடந்தது. மாணவிகள் பள்ளி வளாகத்திலேயே இரவில் தங்கவைக்கப்பட்டார்கள். முகாமை நடத்திய சிவராமன் என்பவர் எட்டாம் வகுப்பு மாணவி ஒருவரைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகவும், வேறு பல மாணவிகளிடம் அத்துமீறியதாகவும் வழக்குப் பதிவானது. மாணவி பள்ளி நிர்வாகத்திடம் சொன்னபிறகும் காவல்துறைக்குத் தகவல் போகவில்லை என்று முதல்வர், தாளாளர் உள்ளிட்டவர்களும் கைது செய்யப்பட்டார்கள். சிவராமன் அதே மாதம் 23ஆம் தேதி இறந்துபோனார். எலி மருந்து தின்றிருந்ததாகக் காவல்துறை தெரிவித்தது.

அதன் பிறகு வெளிவந்த செய்திதான் நாம் இங்கே பார்க்க வேண்டியது. அவருக்கும் தங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று என்.சி.சி. அறிவித்தது. அந்தப் பள்ளியில் என்.சி.சி. பிரிவே இல்லை. இதுபோன்ற போலி முகாம்களை அவர் வேறு பள்ளிகளிலும் நடத்தியிருந்தது விசாரணையில் தெரியவந்தது.

என்.சி.சி. ஒரு மத்திய அரசு அமைப்பு. அதற்கு அலுவலகங்கள் இருக்கின்றன, அதிகாரிகள் இருக்கிறார்கள். "இந்தப் பெயரில் ஒருவர் முகாம் நடத்த வந்திருக்கிறார், நீங்கள் அனுப்பியவரா?" என்று ஒருவராவது கேட்டிருந்தால் அந்த முகாம் நடந்தே இருக்காது. சீருடை போட்டிருந்தார், மிடுக்காகப் பேசினார், சான்றிதழ் தருவதாகச் சொன்னார். அது போதுமானதாக இருந்திருக்கிறது.

நம் மலையில் இந்த ஆபத்துக்கு இன்னொரு முகம் உண்டு. சுற்றுலாப் பயணிகள் வருவதுபோல 'உதவி செய்ய' வருபவர்களும் இங்கே வருகிறார்கள். நோட்டுப் புத்தகம், போர்வை, இனிப்பு கொடுத்து, பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. கோடை விடுமுறையில் ஆங்கிலம் சொல்லித்தர வருபவர்கள் உண்டு. பெரும்பாலானவர்கள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் நல்ல மனதோடு வருபவர் யார், வேறு எண்ணத்தோடு வருபவர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஏழைக் குடியிருப்புக்குள் நுழைவதற்கு ஒரு பை இனிப்பு போதும் என்ற நிலை இருக்கக்கூடாது.

பெரியவர்களுக்கும் இதே கதி

பிறரை நம்பி வாழ வேண்டியவர்கள் குழந்தைகள் மட்டும் இல்லை. மனநலம் பாதித்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், நடக்க முடியாத முதியவர்கள் ஆகியோரும் யாரோ ஒருவருடைய கையை நம்பித்தான் வாழ்கிறார்கள். கூலிக்குப் போகும் வீட்டில் அவர்களைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. "இலவச இல்லம் இருக்கிறது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுகிறோம்.

விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இருந்த அன்புஜோதி ஆசிரமம் அப்படிப்பட்ட இடம்தான். ஆதரவற்றோர், மனநலம் பாதித்தோர் என்று 140க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருந்தார்கள். அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்ட பிறகுதான், 2023 பிப்ரவரியில், அதிகாரிகள் உள்ளே போய்ப் பார்த்தார்கள். முறையான உரிமம் இல்லாமல் அது இயங்கியது தெரியவந்தது. அடித்தார்கள், சங்கிலியால் கட்டினார்கள், பாலியல் வன்கொடுமை செய்தார்கள் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். நிர்வாகியும் அவருடைய மனைவியும் ஊழியர்களும் கைது செய்யப்பட்டார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது.

இங்கே கேட்கப்படாத கேள்வி மிகச் சாதாரணமானது: "உரிமம் எங்கே?" குழந்தைகள் இல்லமானால் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்திருக்க வேண்டும். பெண்கள் விடுதி, குழந்தைகள் விடுதி எதுவானாலும் தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனத்துக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டப்படியும், மனநலக் காப்பகத்துக்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படியும் பதிவு வேண்டும். பதிவே இல்லாத இடத்தில் ஊழியரின் பின்புலத்தை யார் கேட்கப்போகிறார்கள்?

சென்னை அயனாவரத்தில் நடந்ததையும் மறந்துவிடக் கூடாது. 2018 ஜூலையில், செவித்திறன் குறைபாடுள்ள ஒரு சிறுமியைப் பல மாதங்களாகப் பாலியல் வன்கொடுமை செய்ததாக 17 பேர் கைதானார்கள். அவர்கள் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் லிப்ட் இயக்கியவர்கள், காவல் வேலை பார்த்தவர்கள், குழாய் வேலைக்கு வந்தவர்கள். 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் என்று சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தினமும் பார்க்கும் முகம், கேட்டைத் திறந்துவிடும் கை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரமும் ஆண்டுதோறும் இதையே சொல்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்.

சான்று எதைக் காட்டும், எதைக் காட்டாது?

காவல்துறைச் சான்று வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. அதையும் தெரிந்துகொள்வது நல்லது.

இங்கிலாந்தில் 2002 ஆகஸ்டில் சோஹம் என்ற சிற்றூரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியின் பராமரிப்பாளர். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பகுதியில் இருந்தபோது, அவர்மீது பல பாலியல் புகார்கள் காவல்துறைக்கு வந்திருந்தன. எதிலும் தண்டனை ஆகவில்லை. அந்தத் தகவல் அவரை வேலைக்குச் சேர்த்த பள்ளியை எட்டவே இல்லை. அரசு அமைத்த விசாரணை 2004இல் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியது. 2006இல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. இன்று அங்கே குழந்தைகளோடு வேலை செய்யக்கூடாதவர்கள் என்று ஒரு பட்டியலும், பிறர் உதவியை நம்பி வாழும் பெரியவர்களோடு வேலை செய்யக்கூடாதவர்கள் என்று இன்னொரு பட்டியலும் இருக்கின்றன. வேலைக்கு எடுக்கும் முன் அவற்றைப் பார்த்தாக வேண்டும்.

நம் நாட்டில் அப்படிப்பட்ட தடைப்பட்டியல் இல்லை. பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவர்களின் தேசியத் தரவுத்தளம் 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அதைக் காவல்துறையும் விசாரணை அமைப்புகளும் மட்டுமே பார்க்க முடியும். பள்ளி நேரடியாகப் பார்க்க முடியாது. தண்டனை பெற்றவர்கள் பெயர் மட்டுமே அதில் இருக்கும். ஒரு தனியார் பள்ளியில் புகார் வந்ததும் "பள்ளியின் பெயர் கெட்டுவிடும்" என்று சத்தமில்லாமல் ராஜினாமா வாங்கிக்கொண்டு ஒருவரை வெளியே அனுப்பினால், அவர் அடுத்த மாவட்டத்தில் நற்சான்றோடு வேலைக்குச் சேரலாம். எந்தப் பட்டியலும் அவரைக் காட்டிக்கொடுக்காது.

அதனால்தான் காவல்துறைச் சான்றோடு, முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிப்பதும் கட்டாயம் வேண்டும். "அவர் ஏன் விலகினார்? பிள்ளைகள் விஷயத்தில் புகார் ஏதும் வந்ததா? மறுபடியும் அவரை வேலைக்கு எடுப்பீர்களா?" இந்த மூன்று கேள்வியைத் தொலைபேசியில் கேட்க ஐந்து நிமிடம் ஆகும்.

சான்று கேட்பதில் சாதி

இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு இன்னொரு சந்தேகம் வந்திருக்கும். காவல்துறை விசாரணை என்றாலே நம் ஆட்கள்மீதுதானே முதலில் கை வைப்பார்கள்? நியாயமான சந்தேகம்.

ஆங்கிலேயர் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பைப் பார்த்தே ஆட்களைக் குற்றவாளி என்றது. சட்டம் போய்விட்டது, அந்தப் பார்வை முழுதாகப் போகவில்லை. ஊரில் ஒரு சாதி மோதல் நடந்தால், அடிபட்ட சேரி இளைஞர்கள்மீதும் ஓர் எதிர்வழக்கு போடப்படுவது நமக்குத் தெரிந்த கதை. வழக்கு பத்து வருடம் இழுக்கும். அதற்குள் அந்த இளைஞரின் வேலை வாய்ப்பு போய்விடும். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து நீதிமன்றம் விடுதலை செய்தாலும், அவரை வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதும் விதி தமிழ்நாட்டில் காவலர் தேர்வுக்கு இருந்து வந்திருக்கிறது. அதனால் வேலை இழந்த ஏழை இளைஞர்கள் பலர்.

சமையல் வேலை செய்யும் நம் பெண்களைப் பாருங்கள். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த சத்துணவுச் சமையலர் சமைக்கக்கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். அவரை இடமாற்றம் செய்து அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது. 'பின்புலம் சரியில்லை' என்ற சொல் அப்படிப்பட்டவர்கள் கையில் கிடைத்தால் எதற்குப் பயன்படும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்காகச் சரிபார்ப்பே வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. விடுதியில் கிடப்பது நம் பிள்ளைகள். வசதி உள்ளவர் பிள்ளை இரவு வீட்டில் தூங்குகிறது. நம் பிள்ளைதான் பத்து மாதம் அந்நியர் பொறுப்பில் தூங்குகிறது. சரிபார்ப்பு இல்லாவிட்டால் அதிகம் இழப்பது நாம்தான். ஆகவே சரிபார்ப்பு வேண்டும், அது நியாயமாக நடக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

நியாயமாக நடப்பது என்றால் என்ன? முதலாவது, தாளாளர் முதல் தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் ஒரே விதி. கூட்டிப் பெருக்குபவரிடம் சான்று கேட்டுவிட்டு, நிறுவனரையும் அவருடைய உறவினரையும் விட்டுவிடக்கூடாது. அன்புஜோதி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்த இல்லத்தை நடத்தியவரே.

இரண்டாவது, செய்யப்போகும் வேலைக்குச் சம்பந்தமான குற்றத்தைத்தான் பார்க்க வேண்டும். மறியலில் கைதானதும் கோஷம் போட்டதும் பிள்ளைகளுக்கு ஆபத்து இல்லை. அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் இதையொட்டியே சொன்னது. இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சிறு குற்றங்களைப் பொருட்படுத்தாமல் விடலாம், என்ன குற்றம், என்ன வேலை என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றது. உண்மையை மறைக்கவும் கூடாது என்றும் சொன்னது. சிறார் வயதில் நடந்த தவறால் பிற்காலத்தில் ஒருவர் தகுதியிழக்கக்கூடாது என்று சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆவது பிரிவும் பொதுவாகப் பாதுகாப்பு தருகிறது.

மூன்றாவது, பாதகமான தகவல் வந்தால் சம்பந்தப்பட்டவரிடம் காட்டி, விளக்கம் சொல்ல வாய்ப்பு தர வேண்டும். ஊர் முழுக்கச் சொல்லிப் பரப்பக்கூடாது. நான்காவது, கட்டணத்தை நிறுவனம் கட்ட வேண்டும். சமையல் உதவியாளரின் சம்பளத்தில் அதைப் பிடிக்கக்கூடாது.

கேட்கப்படாத ஒரு கேள்வி

சரிபார்ப்பில் திருட்டு, அடிதடி, பாலியல் குற்றம் எல்லாம் பார்க்கிறார்கள். சாதிக் கொடுமை செய்தவரா என்று யாராவது பார்க்கிறார்களா?

2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்ததாகத் தலைமையாசிரியர் கைது செய்யப்பட்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் அந்த வழக்கு பதிவானது. பிள்ளை ஒருவருக்கு டெங்கு காய்ச்சல் வந்து, தாய் விசாரித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சாதி பார்த்து வேலை ஏவும் கை, சாதி சொல்லித் திட்டும் வாய் ஆகியவையும் குழந்தைக்குத் தீங்குதான்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியல் சாதி மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதியரசர் கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் அவர் தந்த அறிக்கையில், ஆசிரியர்களைத் தேர்வு செய்யும்போது சமூகநீதி குறித்த அவர்களுடைய மனப்பான்மையையும் பார்க்க வேண்டும் என்று ஒரு பரிந்துரை இருக்கிறது. பிள்ளைகளோடு வேலை செய்பவரின் பின்புலம் என்பதற்குள் இதுவும் வர வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்ற ஒருவரை ஆதிதிராவிடர் பிள்ளைகள் தங்கும் விடுதிக்குப் பொறுப்பாளராகப் போடுவது எந்த வகையில் சரி?

வடகவுஞ்சியில் என்ன செய்யலாம்?

இதற்குப் பெரிய இயக்கம் தேவையில்லை. இருக்கிற அமைப்புகளைப் பயன்படுத்தினாலே போதும்.

அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்: "இந்தப் பள்ளியில் பிள்ளைகளோடு பழகும் எத்தனை பேருக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்திருக்கிறது?" பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

ஊராட்சியில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். நம் ஊராட்சியில் அது கூடுகிறதா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வெளியிலிருந்து வந்து குடியிருப்பில் பிள்ளைகளுக்கு வகுப்போ முகாமோ நடத்துபவர் ஊராட்சியில் பெயர், முகவரி, அடையாள அட்டை நகல் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும், ஊர்ப் பெரியவர்கள் இருவர் உடனிருக்க வேண்டும், பிள்ளைகளைத் தனியாக எங்கும் அழைத்துப்போகக் கூடாது என்று ஒரு தீர்மானம் போடலாம்.

பிள்ளை படிக்கும் விடுதி வெளியூரில் இருந்தால், பார்க்கப் போகும் நாளில் இவற்றைக் கேளுங்கள். உரிமம் அல்லது பதிவு எண் என்ன? இரவில் யார் தங்குகிறார்? பெண் பிள்ளைகள் விடுதியில் இரவுப் பொறுப்பில் பெண் இருக்கிறாரா? ஊழியர்களின் சரிபார்ப்பு கடைசியாக எப்போது நடந்தது? புகார் சொல்லும் எண் பிள்ளைகள் கண்ணில் படும்படி ஒட்டப்பட்டிருக்கிறதா? அரசு விடுதியில் பதில் கிடைக்காவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கல்லூரியில் படிக்கும் நம் ஊர் மாணவர்கள் இந்த மனுவை எழுதிக் கொடுக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

பிள்ளை சொன்னால் நம்புங்கள்

2021 மே மாதம் சென்னையின் பெயர்பெற்ற பள்ளி ஒன்றில் ஆசிரியர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைதானார். அவர் பல ஆண்டுகளாக அங்கே வேலை பார்த்தவர். வேலைக்குச் சேர்க்கும்போது செய்யும் எந்தச் சரிபார்ப்பும் அவரைக் காட்டியிருக்காது. முன்னாள் மாணவிகள் வெளியே சொன்ன பிறகுதான் விஷயம் வெடித்தது. சரிபார்ப்பு என்பது வாசல் கதவு மட்டும்தான். உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பிள்ளைதான் சொல்லும்.

விடுமுறைக்கு வந்த பிள்ளை "திரும்பப் போகமாட்டேன்" என்று அழுதால், உடனே அடம் என்று முடிவு கட்டாதீர்கள். உட்காரவைத்துக் கேளுங்கள். யாரைப் பார்த்தால் பயம் என்று கேளுங்கள். சொல்வதை நம்புங்கள். குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தால் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு. மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு என்கிறது 21ஆவது பிரிவு. பாதிக்கப்பட்ட பிள்ளை பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இருந்து, குற்றம் செய்தவர் அப்படி இல்லாவிட்டால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதன்படி நிவாரணத் தொகை பெறும் உரிமையும் உண்டு. ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிப்பதற்கு இது வரப்புத் தகராறு இல்லை.

குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417. பெண்களுக்கு 181. முதியோருக்கு 14567. வன்கொடுமைப் புகாருக்கு 14566. இந்த ஐந்து எண்ணையும் டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டுங்கள். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் பிள்ளை கண்ணில் படட்டும்.

அடுத்த ஜூனில் பேருந்து ஏறும் முன், பிள்ளைக்கு எடுத்துவைக்கும் பொருள்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விடுதி வாசலில் அவர்கள் நம் சான்றுகளைக் கேட்கட்டும், கொடுப்போம். கொடுத்துவிட்டு நாமும் கேட்போம்: "ஐயா, இங்கே வேலை பார்ப்பவர்களைச் சரிபார்த்துவிட்டீர்களா?"